காலையில் பாடுகிறவள்

பிப்ரவரி 10, திங்கள். கோவை

ஒன்பதாவது ஊரும் முடிந்தது. நேற்றுக் கடைசிப் பாட்டின் உச்சியில் குரல் கீறிவிட்டது. இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. இல்லை, கவனித்துவிட்டு மனசு கேட்காமல் கைதட்டினார்களோ? எது மோசம் என்று தெரியவில்லை.

மேடையில் நான் ஒருத்திதான். பக்கத்தில் லேப்டாப். அதற்குள் சேவியரின் கிட்டார், சேவியரின் குரல், எல்லாம் போன வருஷம் தூத்துக்குடியில் பதிவு செய்தவை. ஆள் அக்டோபரிலேயே சென்னைக்குப் போய்விட்டான், விளம்பரங்களுக்கு மெட்டுப் போட. நான் பொத்தானை அழுத்தினால் பாடுகிறான், அழுத்தினால் நிறுத்துகிறான். கூட இருந்த எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது இப்படிச் சொன்ன பேச்சு கேட்டிருப்பானா!

போஸ்டரில் இன்னும் இரண்டு பேர் படம்தான். எங்கள் குழு ‘சோளகம்’ என்றால் செல்வியும் சேவியரும். தெற்குக் காற்றின் பேரை வைத்தது நான். நம் ஊர்க்காரனைத் தவிர எவனுக்கும் புரியாது என்று அவன் அன்றைக்கே சண்டை போட்டான். நடுவில் இரண்டு வருஷம் காதல் என்றும் ஒன்று இருந்தது. அது எப்போது முடிந்தது என்று இருவருக்கும் சரியாகத் தெரியாது. பாட்டு மட்டும் தொடர்ந்தது. இப்போது அதற்கும் ஆள் இல்லை.

கழுத்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். அதன் ஒயரைச் செருகுவதில்லை. நான் வாசித்தால் அரிசி புடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சேவியர் ஒரு தடவை சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

நாளை கொச்சி. கடைசி ஊர். சனிக்கிழமை அதுவும் முடிந்தால் அப்புறம் என்ன? தெரிந்தால் எழுத மாட்டேனா.

பிப்ரவரி 11, செவ்வாய். மட்டாஞ்சேரி

எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறினேன். வெலிங்டன் தீவைத் தாண்டும்போது எல்லோரும் எழுந்து ஏதோ கப்பலைப் படம் எடுத்தார்கள். எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. பெட்டி, கிட்டார், லேப்டாப் மூன்றும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இடத்தின் பேர் பாண்டிகசாலை. ஒரு காலத்தில் நிஜமாகவே சரக்குக் கிடங்கு. இப்போதும் கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. மாடியில் அறுபது நாற்காலி, ஒரு முழ உயரத்தில் மேடை, பின்னால் தங்குவதற்கு ஓர் அறை. நடத்துகிறவர் சீதாலக்ஷ்மி. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக இந்தத் தெருவில்தான். தமிழ் படபடவென்று பேசுகிறார், எழுதத்தான் வராது. என் பாட்டு வரிகளைக் காதால் கேட்டு மலையாள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். என் வரிகளை என்னாலேயே வாசிக்க முடியவில்லை!

வாசலில் நின்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ஒருத்தர் மட்டுமா வந்தேள்? மத்தவர் எவிடே?”

“சனிக்கிழமைக்குள்ள வந்துருவான்க்கா” என்றேன். யோசிக்காமல் வந்த பொய். ஒன்பது ஊரிலும் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் என்றேன், ரயிலை விட்டுவிட்டான் என்றேன். பாவம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

லேப்டாப்பை மேடைமேல் வைத்ததும்தான் சங்கதி வெளியே வந்தது.

“இது எதுக்காக்கும்?”

“கொஞ்சம் ட்ராக் இருக்கு. கூட ஓடும்.”

“ஐயோ, இங்கே பெட்டியிலேர்ந்து பாட்டு வராதாக்கும். நான் மெயில்ல எழுதியிருந்தேனே, வாசிக்கலையா? அவாவா வாயாலயும் கையாலயும் என்ன வரதோ அது மதி, போறும். ரெக்கார்டு கேக்கணும்னா ஜனங்க ஆத்துலயே கேட்டுப்பாளே, எதுக்கு இத்தனை படி ஏறணும்?”

வாசிக்கவில்லை. மூன்று பக்க மெயில். தேதியையும் தங்குமிடத்தையும் மட்டும் பார்த்தேன். இங்கே நான்கு நாள் முன்னாலேயே வந்து தங்கச் சொல்வது ஏன் என்பதும் அதில்தான் இருந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் பயிற்சி செய்ய வேண்டும். தெரு கேட்கும். முன் இரண்டு வரிசையும் தெருக்காரர்களுக்கு, டிக்கெட் கிடையாது. ஆரம்பத்தில் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களோடு சீதாலக்ஷ்மி செய்துகொண்ட சமாதானம் அது. பிடித்திருந்தால் வருவார்கள். பிடிக்காவிட்டால் இருபது நாற்காலியும் காலியாகவே கிடக்கும். டிக்கெட் வாங்கினவர் யாரும் அதில் உட்காரக் கூடாது.

“போன மாசம் ஒரு பாண்டு வந்தா. பாவம், இருபது காலி நாற்காலியப் பாத்துண்டே ரெண்டு மணிக்கூர் பாடினா” என்று சிரிக்கிறார். சிரிக்கிற விஷயமா இது?

சவம், ஒரு மெயில ஒழுங்காப் படிக்கத் துப்பில்ல. நீயெல்லாம் ஊர் ஊராப் பாட வந்துட்ட.

பிப்ரவரி 12, புதன்

கூப்பிட்டுவிட்டேன்.

அதே நாள், மத்தியானம்

எழுதித் தீர்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நான்கு மாதத்தில் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்தான். “என்னட்டி, உயிரோட இருக்கியா?” தினமும் லேப்டாப்பில் கேட்கிற அதே குரல்தான். ஆனால் இது கேள்வி கேட்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது ஊரிலும் அவன் குரலைத்தான் ஓடவிட்டேன் என்பதைக்கூட மறைக்கவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றான். அதோடு இதையும் சொன்னான்: “இந்தச் சுத்தலு சனிக்கிழமையோட போதும் செல்வி. நீயும் சென்னைக்கு வந்துரு. ரெண்டு பேரும் சேந்து ஸ்டுடியோல பாடுவோம், பெரிய மேடை வந்தா மட்டும் ஏறுவோம். அம்பது பேருக்கு முன்னால பாடிப் பாடி நீ என்னத்தக் கண்ட?”

“சரி, வா” என்றேன். ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். அவன் இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டான். நானும் திருத்தவில்லை.

அம்பது பேர் மூஞ்சியும் எனக்குத் தெரியும்லா. ஒரு வரி போய் ஒருத்தர்மேல படுறது கண்ணுக்குத் தெரியும்லா. அதத்தான் கண்டேன். போனில் இது ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் இல்லாமல் சனிக்கிழமை இல்லை. அவன் வந்தால் சனிக்கிழமைக்கு அப்புறம் எந்த ஊரும் இல்லை. நல்ல வியாபாரம்.

இரண்டு மணிக்குப் பயிற்சி. ஒலியைப் பார்த்துக்கொள்பவர் அனில் சேட்டன், கும்பளங்கியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். பயிற்சிக்கு மட்டும் லேப்டாப்பை வைத்துக்கொள்ள சீதாலக்ஷ்மி அனுமதித்தார். நான்கு பாட்டு பாடினேன். நான்காவதில் தொண்டை எரிந்தது. “கீழே மிளகுத் தூசி, அதான்” என்றேன். அனில் சேட்டன் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

பெங்களூரில் புகை என்றேன். கோவையில் குளிர் என்றேன். ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒன்று என் தொண்டைக்கு எதிரியாக வந்து நிற்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் பின்கட்டில் துணி துவைத்தேன். மனசு நிலையில்லாமல் இருந்தால் எனக்குத் துவைக்க வேண்டும், நேற்றும் துவைத்தேன். பதினொரு மணிக்கு சீதாலக்ஷ்மி சாயாவோடு வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்க் கிடங்கில் சுக்கு சுத்தம் செய்கிற பெண்களில் ஒச்சம்மாள் என்று ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, கொத்தனார் புருஷனோடு இங்கே வந்து இருபது வருஷமாகிறது. அவள் வந்தால்தான் தெருவில் மற்றவர்களும் வருவார்களாம். அவள் ஒரு கேள்வி கேட்டனுப்பியிருக்கிறாள்.

“இங்கே ரெண்டு பொண்கள் தங்கிப் பாடறான்னு நெனச்சுண்டிருக்கா அவ. காலம்பற ஒருத்தி, மத்தியானம் உச்சைக்கு ஒருத்தி. சனிக்கிழமை காலம்பற பாடறவ பாடினா வரேன்ங்கறா. உச்சைக்குப் பாடறவ பாடினா...”

“பாடினா?”

“வரமாட்டாளாம். ஜன்னலையும் சாத்திப்பாளாம். வெஷமிக்காதீங்கோ, மனசுல வெச்சுக்காதீங்கோ, அவ வாய் அப்படியாக்கும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் போனபின் சாயா ஆறி ஆடை படியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ரெண்டு பொண்ணு.

பின்கட்டுக்குப் போனேன். துவைத்துப் பிழிந்த துணியையே மறுபடி நனைத்துத் துவைத்தேன், அப்போதுதானே பாட்டு தானாக வரும். பாதிப் பாட்டில் ஈரக் கையோடு போனை எடுத்து சுருதி பார்த்தேன். ஆறு கட்டை. இன்னொரு பாட்டு பாடினேன். ஆறு கட்டை. மூன்றாவதும் ஆறு.

சோளகத்தின் பாட்டு ஒன்றுவிடாமல் எல்லாம் ரெண்டு கட்டை, எண் சின்னது, ஆனால் என் ஆறைத் தாண்டி அடுத்த ஸ்தாயியில் இருக்கிற ரெண்டு. அது சேவியர் வைத்த சுருதி. என் குரல் சாதாரணமாக நிற்கிற இடத்துக்கு ஐந்து படி மேலே. மேடை ஏறினால் அங்கே போய் நின்றுகொண்டு பாடுகிறேன். ஒவ்வொரு பாட்டும். எட்டு வருஷமாக.

மிளகாவது, புகையாவது!

2016 ஜூலை. தூத்துக்குடியில் அவன் வீட்டு மாடி அறை. முதல் பாட்டு. கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டி “இங்கருந்து ஆரம்பி” என்றான். எட்டவில்லை. எக்கினேன், எட்டிவிட்டது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அந்த முகத்துக்காக அடுத்த வரியிலும் எக்கினேன். அப்புறம் அதுதான் என் குரல் என்று ஆகிவிட்டது. “உங்க குரல்ல ஒரு தவிப்பு இருக்கு” என்று ஊர் ஊராகப் பாராட்டினார்கள். தவிப்பும் இல்ல ஒரு எளவும் இல்ல, மூச்சு முட்டுது!

பாடுகிறவளுக்குத் தன் சுருதி தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். துணி துவைக்கிற செல்விக்குத் தெரிந்திருக்கிறது, மேடை ஏறுகிற செல்விக்குத் தெரியவில்லை. எதிர்க் கிடங்கில் இருக்கிறவள் எங்களை இரண்டு பேர் என்று பிரித்து, ஒருத்தியை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் அனில் சேட்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் லேப்டாப்பில் பாட்டை ஐந்து படி இறக்கிப் பார்த்தார். சேவியரின் குரல் அடியோடு மாறி, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “செல்வி, இது சேவியர் அல்ல. எருமையாக்கும்” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சிரித்து முடித்தபின் என் கிட்டாரின் ஒயரைச் செருகச் சொன்னேன். கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போவை மாட்டி ஆறு கட்டைக்குக் கொண்டுவந்தேன். புடைக்கிற மாதிரிதான் இருந்தது, அவன் சொன்னது பொய்யில்லை. பாடினேன். தொண்டை எரியவில்லை. ஆனால் பாட்டு வேறு ஆளாகிவிட்டது. அடங்கி, கொஞ்சம் கோபத்தோடு, பேசுகிற மாதிரி. இது நன்றாக இருக்கிறதா? ஒருவேளை ஜனங்களுக்குப் பிடித்ததே அந்த மூச்சு முட்டல்தானோ? அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

நாளை சேவியர் வருகிறான். நான்தான் கூப்பிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நண்பகலில் வந்தான். மெலிந்திருக்கிறான். ஊர் மக்ரூன் ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்திருந்தான். சென்னையிலிருந்து வருகிறவனுக்கு அது எங்கே கிடைத்தது? யாரிடமோ சொல்லி தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தானாம். சீதாலக்ஷ்மிக்கு அரை மணி நேரத்தில் அவனைப் பிடித்துப்போனது. என் கிட்டாரில் ஒரு முறுக்காணி தளர்ந்திருந்தது, வந்ததும் முதல் வேலையாக அதை இறுக்கினான். இப்படியெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம்.

பயிற்சி, ரெண்டு கட்டையில். அவன் ஆரம்பித்தான், நான் எக்கினேன். பொய் எழுத மாட்டேன்: மூன்றாவது பாட்டில் இரண்டு குரலும் சேர்ந்த இடத்தில் கை மயிர் சிலிர்த்தது. அவனும் என்னைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

“காத்து” என்றான் சேவியர்.

காற்று இல்லை. கம்பியில் காய்கிற துணி அசையவில்லை.

சென்னையில் எடுத்திருக்கிற இடத்தைப் போனில் காட்டினான். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒலிப்பதிவு அறை, வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. மாடியில் எனக்கு ஓர் அறை. நல்ல இடம்தான். “என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்றான். “தொண்டை” என்றேன். “மிளகுத் தூசிட்டி, நாளைக்குச் சரியாயிரும்” என்றான் அவனும்!

சொல்லவில்லை. கூப்பிட்ட உடனே வந்து நிற்கிறான், வந்தவனிடம் முதல் நாளே குறை பேசுவதா என்று இருந்தது. இப்படித்தான எட்டு வருசம் போச்சு, கோட்டிக்காரி.

பிப்ரவரி 15, சனி. மத்தியானம்

சொல்லிவிட்டேன். காலையில் தெருமுனைக் கடையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடும்போது.

“சேவியர், இன்னைக்கு ஆறு கட்டைல பாடலாமா?”

சிரித்தான். “ஆறுலயா? நான் எங்க போவ, பாதாளத்துக்கா?”

“நீ வாசி. நான் மட்டும் பாடுதேன்.”

கப்பையைப் பிய்த்த கை நின்றது. துணி துவைத்தது, ஒச்சம்மாள் கேட்டனுப்பியது, எருமைக்குரல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

“எட்டு வருசத்துல ஒரு நாளாவது எட்டலன்னு சொன்னியா நீ?”

“நீ கேட்டியா?”

“எனக்கு எப்படிட்டி தெரியும்? நீ நல்லாத்தான பாடுன!”

அது நியாயம். அதுதான் எரிச்சல். அவன்மேல் மொத்தப் பழியையும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு வேண்டாம் என்று கையைக் கழுவப் போனான். திரும்பி வந்து, “சரி, இன்னைக்கு நீ சொல்லுத மாதிரியே. நான் வாசிக்கேன், பாடல. ஆனா சென்னைல எல்லாம் ரெண்டுலதான். ஏற்கெனவே பத்துப் பாட்டுக்கும் வாசிச்சு வச்சிட்டேன்” என்றான்.

ஏற்கெனவே. பத்துப் பாட்டுக்கும். நான் வருவேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே.

ஆறரை மணிக்கு ஆரம்பம். இரண்டு தடவை குளித்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இப்போது எழுதாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

முன்னிரண்டு வரிசையில் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுநாற்காலியில் ஒச்சம்மாள், மடியில் கடலைப் பொட்டலம். நான் நினைத்த மாதிரி கிழவி இல்லை, நாற்பத்தைந்து இருக்கும், தலை நிறையப் பூ. மேடையை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு, சபைக்கே கேட்கிற குரலில், “இன்னொருத்தி எங்கத்தா?” என்றாள்.

“அவ வரலக்கா” என்றேன் மைக்கில்.

“நல்லதாப் போச்சு” என்று ஒரு கடலையை உடைத்தாள். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சேவியருக்கு வரவில்லை.

முதல் பாட்டு. சேவியர் எடுத்தான், ரெண்டு கட்டையில். “ஆறு” என்றேன் மெதுவாக. “ஐயோ, ஸாரி” என்று கேப்போவை மாட்டினான். அந்தப் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டையும் ரெண்டில் எடுத்தான். “பழகிப்போச்சு, மன்னிக்கணும்” என்று மைக்கில் சொன்னான், சபை சிரித்தது. மாற்றினான். மூன்றாவது பாட்டு, ‘தபால்பெட்டிக்காரி’. மறுபடி ரெண்டு. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை, நிறுத்தவும் இல்லை. வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். வா என்கிற பார்வை. அந்த மாடி அறையில் பார்த்த அதே முகம்.

மூச்சை உள்ளே இழுத்தேன். எக்குவதற்குத்தான். உடம்பு தயாராகிவிட்டது, குதிகால்கூட எழும்பிவிட்டது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் பாடியிருப்பேன், பாடி முடித்திருப்பேன், இந்நேரம் சென்னை ரயிலில் இருந்திருப்பேன்.

அவன் வேண்டுமென்று செய்தானா? எட்டு வருஷ விரல், தானாகவும் போகும். எனக்குத் தெரியாது. தெரியாமலே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மூச்சை விட்டேன். “அனில் சேட்டா, என் ஒயரைச் செருகுங்க” என்றேன்.

சேவியர் வாசிப்பதை நிறுத்தினான். எழுந்தான், தன் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். என் பக்கமாகக் குனிந்து, “நான் கீழ உக்காந்து கேக்கேன்” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருக்கலாம் அவன். முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஒச்சம்மாள் அவனிடம் கடலையை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

அப்புறம் ஏழு பாட்டு. எத்தனை தப்பு! ஒரு பாட்டை இரண்டு தடவை நிறுத்தி ஆரம்பித்தேன். ஓரிடத்தில் விரல் அடியோடு மறந்துபோய்க் கிட்டாரை விட்டுவிட்டு வெறுமனே பாடினேன். ‘எனக்கு வரவேண்டிய கடுதாசியை நானே எழுதிப் போட்டேன்’ என்ற வரியில் எப்போதும் உச்சிக்குப் போய்க் கத்துவேன், நேற்று அது தாழ்ந்து, பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிற மாதிரி வந்தது. சுக்குக் கிடங்குப் பெண்களில் ஒருத்தி “அட, ஆமா” என்றாள். அதற்கு முன்னால் என் பாட்டுக்கு யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை.

ஐந்தாவது பாட்டு வரை சேவியர் இருந்தான். அடுத்துப் பார்த்தபோது நாற்காலி காலி. நான் பாட்டை நிறுத்தவில்லை.

முடிந்ததும் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அத்தனை பேருக்கு முன்னால் அவனை அவமானப்படுத்தினேன், அவன் நான் கூப்பிட்டு வந்தவன். இதுவும் நடந்ததுதான், எழுதிவைக்கிறேன். சீதாலக்ஷ்மி தேடிக்கொண்டு வந்தார். “கிட்டார் கொஞ்சம் படிச்சுக்கோங்கோ. அடுத்த வருஷம் வரணுமே” என்றார். வருவேன் என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன். தூத்துக்குடி

சென்னைக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். அன்றைக்கு மேடையில் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன், பாடினதற்குக் கேட்கவில்லை. பார்த்துவிட்டான். பதில் இல்லை.

விரல் நுனி நாலும் காய்த்துப்போயிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வாசிக்கிறேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வாசி என்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு. பாலக்காடு

சீதாலக்ஷ்மி சொல்லிக் கிடைத்த இடம். நாற்பது நாற்காலி. போஸ்டரில் என் படம் மட்டும். பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.

மூன்று மணிக்குச் சேவியரிடமிருந்து குரல் பதிவு. நான்கு நிமிஷம். கேட்கப் பயந்து அரை மணி நேரம் அறைக்குள் நடந்தேன். திட்டுவான் என்றுதான் நினைத்தேன். பாட்டு. ‘தபால்பெட்டிக்காரி’யை அவன் தனியாகப் பாடியிருக்கிறான். முடித்துவிட்டுப் பேசுகிறான்:

“கேட்டியா? ஒரு கட்டைல பாடிருக்கேன். எனக்கு எப்பவுமே ஒண்ணுதாம்ட்டி. ரெண்டு எனக்கும் எட்டாது. பொம்பளக் குரலுக்கு மேல இருந்தாத்தான் வசதியா இருக்கும்னு உனக்காகத்தான் அன்னைக்கு ஏத்தி வச்சேன். எட்டு வருசமா நானும் எக்கிட்டுதான் கெடந்தேன். கப்பைக் கடைல சொல்ல வந்தேன். வாய் வரல.”

இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். அவசரமில்லாமல், கழுத்து நரம்பு புடைக்காமல் பாடுகிறான். எங்களுடைய எந்தப் பதிவிலும் அவன் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

“ஒண்ணுலேயே பாடுலே” என்று எழுதி அனுப்பினேன். ஒலி சரிபார்க்கக் கூப்பிடுகிறார்கள், முகம் கழுவிக்கொண்டு போக வேண்டும்.